இங்கே தண்ணீர் ஏறுமா?

“அக்கா, இங்க தண்ணி ஏறுமா?”

போன மாதம் ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டைப் பார்க்க வந்த இளம் தம்பதியில் அந்தப் பெண் கேட்ட கேள்வி இது. அவர் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. கணவர் மாடிப்படிக்குக் கீழே குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி கலக்குகிறேன் என்று அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அழைத்து வந்த வீட்டு ஏஜெண்ட் என்னையே பார்த்தார். அவர் முகத்தில், “நல்ல பதிலாகச் சொல்லுங்கள்” என்று எழுதி ஒட்டியிருந்தது.

வானொலியில் நாளுக்கு நான்கு மணி நேரம் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வராவிட்டால்கூட வாய் தடுமாறாமல் சமாளிப்பேன். அன்று அந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. “அடுத்த சனிக்கிழமை வாங்க தம்பி, எல்லாத்தையும் விவரமா சொல்றேன்” என்று அனுப்பி வைத்தேன்.

அந்த ஒரு வாரத்தில் நான் போன இடங்கள், பார்த்தவை, கேட்டவைதான் இந்தக் கட்டுரை. வீடு வாங்க அலைந்துகொண்டிருக்கும் யாருக்காவது உதவினால் மகிழ்ச்சி.

தாமான் ஸ்ரீ மூடா

ஷா ஆலம் 25ஆவது செக்‌ஷன் என்று சொன்னால் சிலருக்குத் தெரியாது. தாமான் ஸ்ரீ மூடா என்றால் எல்லாருக்கும் தெரியும். கோலாலம்பூரிலிருந்து கெசாஸ் நெடுஞ்சாலையில் கிள்ளான் நோக்கி வந்து, கோத்தா கெமுனிங் பக்கம் இறங்கினால் இந்தப் பக்கம் எங்கள் தாமான், அந்தப் பக்கம் கோத்தா கெமுனிங்கின் பெரிய வீடுகள். உள்ளே நுழைந்ததும் வரிசை வரிசையாகத் தரை வீடுகள். மூன்று கடைக்கு ஒரு நம்மவர் உணவுக்கடை, மல்லிகைச் சரம் தொங்கும் பூக்கடை, பாசார் மாலாம் நாளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காத சாலைகள். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு இதைவிட வசதியான ஊர் இல்லை என்றே தோன்றும்.

ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல வீடுகளில் மின்சாரப் பிளக் நெஞ்சு உயரத்தில் இருக்கும். குளிர்சாதனப் பெட்டி சிமெண்ட் கல்லின் மேல் ஏறி நிற்கும். எங்கள் அம்மா கீழ்த்தட்டில் அரிசி வைப்பதில்லை. மழை இரவு பத்து மணியைத் தாண்டி விடாமல் பெய்தால், காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து திரும்பும் அண்ணன்மார்களைப் பார்க்கலாம். யாரும் எதையும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

தாமானின் ஓரத்தில் கிள்ளான் ஆறு ஓடுகிறது. ஆனால் தாமானுக்குள் நிற்கும்போது ஆறு கண்ணுக்குத் தெரியாது. கரை உயரம், நாம் தாழ்வு. நமக்கும் ஆற்றுக்கும் நடுவே மண்கரை, மதகு, நீர் இறைக்கும் பம்புகள். கடலில் நீர் பொங்கும் நேரத்தில் ஆற்றின் மட்டமும் உயர்ந்து நிற்கும். அப்போது தாமானின் கால்வாய் நீர் தானாக ஆற்றில் விழாது. பம்புதான் தூக்கிவிட வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும்.

அன்று நான் ஒலிபரப்பில் இருந்தேன்

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை சனிக்கிழமை முழுக்க விடவில்லை. தலைநகரில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டியது என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள்.

சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி என்னுடையது. நேயர்கள் பாட்டுக் கேட்கும் நேரம். அன்று பாட்டுக் கேட்டவர்கள் மிகச் சிலர். “படகு எங்க கிடைக்கும்?” “எங்க பாட்டிக்கு நடக்க முடியாது, யாருக்குச் சொல்றது?” என்றுதான் அழைப்புகள். நிவாரண மையங்களின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

நடுவில் அப்பா அழைத்தார். “இங்க கொஞ்சம் தண்ணிதான். நீ வேலையப் பாரு. நிகழ்ச்சி கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்.” இரவு மீண்டும் அழைத்தார். “மாடிக்கு வந்துட்டோம். பக்கத்து வீட்டு மக்சிக்கும் பேரப்பிள்ளைகளும் இங்கதான் இருக்காங்க.” மக்சிக் வீடு ஒற்றை மாடி. அதன் பிறகு அப்பாவின் போன் அணைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எந்தச் செய்தியும் இல்லை. திங்கட்கிழமை காலை தன்னார்வலர்கள் சிலர் படகில் வந்து அவர்களை இறக்கினார்கள். அப்பா படகிலிருந்து இறங்கியபோது கையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே வீட்டுப் பத்திரக் கோப்பு.

அந்த வெள்ளத்தில் நாடு முழுக்க 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புள்ளிவிவர இலாகா கணக்கிட்ட மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி. அதில் ஏறக்குறைய பாதி, 310 கோடி வெள்ளி, சிலாங்கூரில் மட்டும். எங்கள் வீட்டின் பங்கு அதில் எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டால், பணத்தைச் சொல்ல மாட்டார். என் அண்ணனின் முதல் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையிலான பள்ளிப் படங்களைச் சொல்வார்.

அப்பாவின் கோப்பு

அப்பா 2023இல் மாரடைப்பில் காலமானார். ஜொகூரில் வேலை செய்யும் அண்ணன், “வீட்ட வித்துட்டு அம்மா என்கூட வந்துடட்டும்” என்றார். சரி என்று ஏஜெண்டிடம் சொன்னோம். அந்தத் தம்பதி வந்து போன இரவு, வீட்டைப் பற்றி விவரம் சொல்ல வேண்டுமே என்று அந்தக் கோப்பைத் திறந்தேன்.

1998இல் அப்பா கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தம். முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். வெள்ளம் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. அதன் அடியில், பழுப்பேறிய ஒரு பத்திரிகைத் துண்டு. தண்ணீரில் நிற்கும் வரிசை வீடுகளின் படம். ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தில், “ஸ்ரீ மூடா, 1995”.

தாமான் ஸ்ரீ மூடாவில் 2021க்கு முன் வந்த பெரிய வெள்ளம் 1995இல். அப்பா வீடு வாங்கியது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. அப்படியென்றால் அவருக்குத் தெரியும்.

அம்மாவிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். “தெரியும்மா. தெரிஞ்சுதான் வாங்கினோம். மத்த எடத்துல கேட்டதவிட இங்க 20,000 வெள்ளி கொறச்சல். அந்த 20,000 எங்ககிட்ட இல்ல.”

அப்பா கோலலங்காட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறியபோது குடும்பம் லயத்தைக் காலி செய்தது. அதன் பிறகு அவர் ஓட்டிய லோரிகளுக்குக் கணக்கில்லை. ஒரே ஒரு ஆசை, சொந்தத்தில் ஒரு தரை வீடு. ஷா ஆலம் நகரமே ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் வட்டாரத்தின் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள்தானே. அந்த மண்ணில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள், பிறகு அதே மண்ணில் வீடு வாங்க வந்தபோது, கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது தாழ்ந்த நிலம்.

ஆறு வரும் வழி

மறுநாள் காலை நிகழ்ச்சி முடிந்ததும் நான் போன இடம் மஸ்ஜிட் ஜாமெக். எல்.ஆர்.டி.யிலிருந்து இறங்கி நான்கு எட்டு வைத்தால், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் முனை. 1909இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் அந்த முனையில் அமைதியாக நிற்கிறது. கோலாலம்பூர் என்ற பெயரிலேயே சேறு இருக்கிறது. ஊர் பிறந்ததே ஆற்றோரத்தில் என்பதால் வெள்ளமும் அதனுடனேயே வளர்ந்தது. 1926இல் ஒரு பெருவெள்ளம். 1971 ஜனவரியில் இன்னொன்று. அதில் 32 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 1,80,000 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு தலைநகரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பணம் செலவழித்தது. 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். சாதாரண நாளில் அதன் நடுப்பகுதியில் கார் ஓடுகிறது. கனமழையில் கார்களை வெளியேற்றிவிட்டு ஆற்று நீரைத் திருப்பி விடுகிறார்கள். சுரங்கமும் அதன் குளங்களும் சேர்ந்து 30 லட்சம் கன மீட்டர் நீரைப் பிடித்து வைக்கும். அது இல்லாவிட்டால் மஸ்ஜிட் ஜாமெக் வட்டாரம் இன்னும் எத்தனை முறை மூழ்கியிருக்குமோ.

அங்கிருந்து காரில் ஆற்றைத் தொடர்ந்து வந்தேன். மிட்வேலி, பழைய கிள்ளான் சாலை, பிறகு சுபாங் ஜெயாவுக்கும் பூச்சோங்குக்கும் நடுவே, அப்புறம் எங்கள் தாமான், கடைசியில் கிள்ளான் பட்டணமும் கடலும். ஆற்றின் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். வழியில் அம்பாங் ஜெயா, கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் என்று ஊராட்சி மன்றங்கள் மாறிக்கொண்டே வருகின்றன. தன் எல்லைக்குள் எங்கே வீடு, எங்கே கடை, எங்கே திடல் என்று ஒவ்வொரு மன்றமும் தனித்தனியே முடிவு செய்கிறது. ஆற்றுக்கு அந்த எல்லைகள் தெரியாது. மேலே ஒரு மன்றம் அனுமதித்த கார் நிறுத்துமிடத்தின் மழைநீர், சில மணி நேரத்தில் கீழே என் அம்மாவின் வாசலுக்கு வருகிறது.

முகப்பில் ஒரு வரைபடம்

வியாழக்கிழமை மாநகர் மன்றத்தின் நகரமைப்புப் பிரிவுக்குப் போனேன். இதுவரை நான் அங்கே போனதே இல்லை. மதிப்பீட்டு வரி கட்டுவதோடு சரி. முகப்பில் இருந்த இளம் மலாய்ப் பெண் அதிகாரி பொறுமையாக வரைபடத்தைத் திரையில் காட்டினார். வீடுகளுக்கு ஒரு நிறம், கடைகளுக்கு ஒரு நிறம், திறந்தவெளிக்குப் பச்சை.

அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் எளிமையாகச் சொல்கிறேன். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி ஒவ்வொரு மன்றமும் தன் பகுதிக்கு ஓர் உள்ளூர்த் திட்டம் தயாரிக்க வேண்டும். மலாயில் ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’. எந்த நிலத்தில் என்ன வரலாம் என்பது அதில்தான் இருக்கிறது. அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 4 வாரம் கொடுக்க வேண்டும். அந்த 4 வாரத்தில் நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? நான் இல்லை.

திட்டம் நிறைவேறிய பிறகு, யாராவது கட்ட வந்தால் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மன்றம் அதை வடிகால் நீர்ப்பாசன இலாகா போன்ற துறைகளுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும். தரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், மழைநீரை எங்கே தேக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படுகிறது.

இங்கே ஒரு முக்கியமான ஆண்டு, 2001. அதுவரை வடிகால் விதியின் நோக்கம், மழைநீரை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஆற்றுக்குத் துரத்துவது. 2001 முதல் ‘மஸ்மா’ என்ற கையேடு நடைமுறைக்கு வந்தது. மழை விழும் இடத்திலேயே நீரைத் தேக்கி, மெதுவாக விட வேண்டும் என்பது அதன் அடிப்படை. கட்டுமானத்துக்குப் பிறகு அந்த நிலத்திலிருந்து வெளியேறும் நீரின் உச்ச வேகம், கட்டுமானத்துக்கு முன் இருந்ததைவிடக் கூடக் கூடாது. பெரிய திட்டம் என்றால் குளம் வெட்ட வேண்டும். சிறியது என்றால் தொட்டி வைக்க வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

முதலாவது, எங்கள் தாமான் போன்ற பழைய குடியிருப்புகள் இந்த விதிக்கு முன்பே கட்டப்பட்டவை. இரண்டாவது, தேக்கி வைக்கும் குளம் நீரின் வேகத்தைத்தான் குறைக்கும். மொத்த அளவைக் குறைக்காது. நாள் முழுக்க மழை பெய்தால் குளம் நிறைந்து, மீதி எல்லாம் ஆற்றுக்குத்தான் வரும். மூன்றாவது, புதிய திட்டம் விதிப்படி மண் கொட்டித் தன் தரையை உயர்த்திக்கொள்கிறது. பக்கத்துப் பழைய தாமான் அப்படியே தாழ்ந்து நிற்கிறது. எல்லாரும் விதியைப் பின்பற்றினாலும், கடைசியில் கிண்ணத்தின் அடியில் நிற்பவர் ஒருவர் இருப்பார்.

வரைபடத்தில் இருக்கும் குளம் நிலத்திலும் தொடர்ந்து இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கோலாலம்பூரில் வெள்ளத் தடுப்புக் குளங்களுக்கான நிலத்தில் ஒரு பகுதி வேறு மேம்பாட்டுக்குப் போனதை நாட்டின் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே சுட்டிக்காட்டியிருக்கிறது.

யார் பொறுப்பு?

சட்டம் படித்த தோழி ஒருத்தியிடம் கேட்டேன். இரண்டு வழக்குகளைச் சொன்னாள்.

முதல் வழக்கு உலு கிள்ளானில் இருந்த ஹைலண்ட் டவர்ஸ். 1993 டிசம்பர் 11இல் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் இறந்தது நம் பெற்றோருக்கு நினைவிருக்கும். பக்கத்துக் கட்டடக் குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கு 2006இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆவது பிரிவு ஊராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்பு தருகிறது, ஆகவே மன்றம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. அதாவது, கட்டட வரைபடத்துக்கு முத்திரை குத்திய கையிடம் பிறகு போய் நஷ்டம் கேட்பது மிகக் கடினம்.

இரண்டாவது வழக்கு கொஞ்சம் நம்பிக்கை தருவது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய ரிம்பா கியாரா பூங்கா. அதன் 25 ஏக்கரில் ஏறக்குறைய 12 ஏக்கரில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட 2017இல் அனுமதி கிடைத்தது. குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். முதலில் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதி செய்தது. நீதிபதி நளினி பத்மநாதன் வழங்கிய தீர்ப்பின் சாரம்: நகரத்தின் வளர்ச்சித் திட்டம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம். அதிலிருந்து விலகினால் மன்றம் தகுந்த காரணம் சொல்லியாக வேண்டும்.

அந்த வழக்கில் நமக்கு மனம் கனக்கும் பகுதி ஒன்றும் உண்டு. அந்தத் திட்டத்தின் ஒரு கட்டடம், முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று சொல்லப்பட்டது. 1980களிலிருந்து தற்காலிக நீள வீடுகளில் நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். பூங்காவைக் காத்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. வீடு கேட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும்படி முடிவுகள் எடுக்கப்பட்டதுதான் வருத்தம்.

தோழி கடைசியாகச் சொன்னாள்: “கட்டிட்ட பிறகு கேட்டா நஷ்டஈடு கஷ்டம். கட்டறதுக்கு முன்ன கேட்டா கோர்ட்டு கேக்குது. அதனால முன்னமே கேளுங்க.”

எங்கள் பங்கு

ஊரைச் சொல்லிவிட்டு எங்களைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

எங்கள் வீட்டு முன்னால் முதலில் புல் இருந்தது. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. நான் இடைநிலைப் பள்ளியில் படித்தபோது அப்பா அதை எல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு கார் நிற்கும்படி சிமெண்ட் போட்டு ‘டைல்ஸ்’ பதித்தார். பின்னால் அடுப்படியை எல்லைவரை நீட்டினார். எங்கள் வரிசையில் அப்படிச் செய்யாத வீடு இரண்டோ மூன்றோதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20க்கு 70 அடி மனை என்றால் 1,400 சதுர அடி, சுமார் 130 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு மனையில் விழும் நீர் 13,000 லிட்டர். மஸ்மா கையேட்டின் கணக்குப்படி, தோட்டமோ பூங்காவோ என்றால் விழும் மழையில் பத்தில் மூன்று நான்கு பங்குதான் வழிந்தோடும். வரிசை வீடுகள் நிறைந்த பகுதியில் எட்டுப் பங்கு வழிந்தோடும். ஒரு மனைக்குக் குறைந்தது 5,000 லிட்டர் கூடுதல். ஆயிரம் வீட்டுக்கு 50 லட்சம் லிட்டர். செம்பனைத் தோட்டம் வீடுகளாக மாறியபோது ஆற்றுக்கு என்ன ஆனது என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. அதில் எங்கள் டைல்ஸுக்கும் பங்கு உண்டு.

வீடு பார்க்கப் போகும்போது

நண்பர்கள் பலர் இப்போது முதல் வீடு தேடும் வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்காக, நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட சில.

வெயில் நாளில் மட்டும் போகாதீர்கள். கனமழை பெய்த மறுநாள் காலை ஒருமுறை போய்ப் பாருங்கள். சாலையைவிட வீட்டு வாசல் உயரமா, தாழ்வா என்று கவனியுங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் தே தாரிக் குடித்துக்கொண்டே, 2021இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். ஏஜெண்டைவிட அவர் சரியாகச் சொல்வார். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் ‘பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்’ தளத்தில் பக்கத்து ஆற்றின் நீர்மட்டத்தை யாரும் பார்க்கலாம். நகரமைப்பு இலாகாவின் ‘ஐ-பிளான்’ தளத்தில் சுற்றியுள்ள நிலங்கள் எதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று தெரியும். பக்கத்துக் காலி நிலத்தில் நாளை என்ன வரும் என்று மன்ற முகப்பில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். காப்புறுதி எடுக்கும்போது வெள்ளம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். தீக் காப்புறுதி இருந்தாலே வெள்ளத்துக்கும் கிடைக்கும் என்று நம்பி ஏமாந்தவர்களில் நாங்களும் ஒருவர்.

மீண்டும் சனிக்கிழமை

அந்தத் தம்பதி சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். இந்த முறை ஏஜெண்ட் இல்லாமல் நானே கதவைத் திறந்தேன். அண்ணன் முதல் நாள் இரவே போனில், “நீ வானொலி நிகழ்ச்சி நடத்தாத, வீட்ட மட்டும் காட்டு” என்று சொல்லியிருந்தார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. அம்மாவுக்கு இருக்கும் ஒரே சொத்து இதுதான். நான் உண்மையைச் சொன்னால் குறையப்போவது அம்மாவின் பணம்.

சொன்னேன். 1995, 2021, பம்பு, கடல் நீர், எங்கள் டைல்ஸ், எல்லாம். மாடிப்படிக்குக் கீழே அழைத்துப் போனேன். அங்கே என் தோள் உயரத்துக்கு மேல் ஒரு பழுப்புக் கோடு. வெள்ளம் வடிந்து வீட்டுக்கு மறுபடியும் சாயம் அடித்தபோது, “இத மட்டும் விட்டுடு” என்று அப்பா சாயக்காரரிடம் சொல்லி விட்டுவைத்த இடம்.

கணவர் தலையாட்டினார். “போன வாரமே பாத்தேங்கா. இதே தாமான்ல நாலு வீடு பாத்துட்டோம். எல்லாத்துலயும் புதுச் சாயம். உங்க வீட்டுலதான் கோடு இருந்துச்சு. அதான் அவள கேக்கச் சொன்னேன்.”

“தெரிஞ்சுமா திரும்பி வந்தீங்க?”

அந்தப் பெண் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு சொன்னார்: “எங்க சம்பளத்துக்கு லோன் கெடைக்கிற தரை வீடு இந்தப் பக்கம்தான்கா இருக்கு.”

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். அந்த முகத்தில் நான் 1998ஐப் பார்த்தேன். ஒன்றும் பேசாமல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனார். பத்திரங்களை எந்த அலமாரியில் வைக்க வேண்டும், எந்தச் சன்னல் வழியாகப் படகுக்கு இறங்க வசதி, மக்சிக்கின் போன் எண் எது, பால் மாவு எப்போதும் மேலே இருக்கட்டும் என்று அம்மா சொல்வது கீழே எனக்குக் கேட்டது.

யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள். விலையைக் குறைக்க அம்மா ஒத்துக்கொண்டார். அண்ணன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மன்றத்தின் அடுத்த வரைவுத் திட்டம் பார்வைக்கு வரும்போது தெரிவிக்கச் சொல்லி முகப்பில் என் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தம்பதியின் எண்ணையும் கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று அம்மா போன் செய்தார். “ஏம்மா, அவங்க வாங்குனா அந்தக் கோட்ட அழிக்கக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்ல எழுத முடியுமா?”

வழக்கறிஞரிடம் கேட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை என்று சிரித்தார். பிறகு, வாங்குகிறவர்கள் சம்மதித்தால் எழுதலாம் என்றார்.